மேல்மண் போட்டாச்சு, காளான் எப்போது வரும்? மலையக வீட்டு வளர்ப்பாளர்கள் கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீட்டில் மொட்டுக் காளான் (பட்டன் மஷ்ரூம்) வளர்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை கேசிங் மண்ணைப் பற்றியவை. அதிலும் அதிகம் வருவது "எத்தனை நாளில் வரும்?" என்பது. ஆளாளுக்குத் தனித்தனியே சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், ஆகவே மேலிருந்து வாசிப்பது வசதி.

அக்கா, கேசிங் கேசிங்னு எல்லாரும் சொல்றாங்க, அது என்னது?

கம்போஸ்ட்டில் காளானின் வெள்ளை இழை முழுதாக ஓடி முடிந்த பிறகு, அதன் மேல் 3 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புகிற ஈரமான மண் படைதான் கேசிங். மேல்மண் என்றும் சொல்வார்கள். மண் என்று பேச்சுக்குச் சொன்னாலும், பல இடங்களில் அது பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய செடிமண்) அல்லது தும்புத்தூளோடு சுண்ணாம்பு சேர்த்த கலவை.

காளானுக்கு வேண்டிய சாப்பாடு கீழே கம்போஸ்ட்டில் இருக்கிறது. மேலே இருக்க வேண்டியவை தண்ணீரும் காற்றும் சில நல்ல பக்டீரியாக்களும் மட்டுமே. அதனால் கேசிங்கில் தவிடு, கோழி எரு, யூரியா எதையும் கலக்காதீர்கள். கலந்தால் காளானுக்கு முன்னால் பச்சைப் பூஞ்சணம் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும்.

எல்லாக் காளானுக்கும் மண்ணு போடணுமா? நாங்க சிப்பிக் காளான் போடுறோம்.

சிப்பிக் காளானுக்கு வேண்டாம். மரத்தூள் பொதியில் இழை ஓடியதும் பையைக் கீறி விட்டால் போதும். அபலோனிக்கும் வைக்கோல் காளானுக்கும் ஷீட்டாக்கேக்கும் அப்படித்தான். மண் கட்டாயமாகத் தேவைப்படுவது மொட்டுக் காளானுக்கும் பால் காளானுக்கும். இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் மொட்டுக் காளானுக்கு. பால் காளான் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

மண்ணுல சத்தே இல்லேங்குறீங்க. அப்புறம் எதுக்குப் போடணும்? போடாம விட்டா வராதா?

போடாமல் விட்டால் வெள்ளை இழை வெள்ளையாகவே இருக்கும். எங்காவது ஒன்றிரண்டு தலை காட்டலாம், அதை விளைச்சல் என்று சொல்ல முடியாது.

மண் செய்யும் வேலைகள் பல. முதலாவது, தண்ணீர் சேமிப்பு. ஒரு கிலோ காளானில் 900 கிராம் அளவுக்குத் தண்ணீர்தான். காளான் பெருக்கிற அந்த நாலைந்து நாளில் அவ்வளவு தண்ணீரில் ஒரு நல்ல பங்கு மேல்மண்ணிலிருந்து போக வேண்டும். இரண்டாவது, கம்போஸ்ட்டில் கொழுத்துத் திரிந்த இழை, சத்தில்லாத ஈர மண்ணுக்குள் வந்ததும் நடையை மாற்றிக்கொள்கிறது. மெல்லிய இழைகள் சேர்ந்து நூல் போலத் திரண்டு, அந்த நூலின் நுனிகளில்தான் மொட்டு கட்டும்.

மூன்றாவதுதான் சுவையான விஷயம். இழை வளரும்போது தானே சில வாசனைப் பொருட்களை வெளியிடுகிறது. காளானுக்கே உரிய அந்த மணம் இருக்கிறதே, அதைத் தருகிற எட்டுக் காபன் பொருள் அதில் முக்கியமானது. அது தேங்கி நிற்கும் வரை இழை மொட்டு கட்டாது. மேல்மண்ணில் வாழும் சூடோமோனாஸ் பூட்டிடா போன்ற பக்டீரியாக்கள் அதைக் குறைத்துவிடுகின்றன, தடை நீங்குகிறது. மண்ணை முழுக்கக் கிருமி நீக்கிப் போட்டால் மொட்டு வராது, ஆனால் அதே மண்ணில் வாயுவை உறிஞ்சும் கரித்தூளைக் கலந்தால் வருகிறது என்று ஆய்வுகூடங்களில் பார்த்திருக்கிறார்கள். மண்ணை வேக வைப்பது பற்றிய கேள்வி வரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சரி, மண்ணு போட்டா எத்தனை நாள்ல காளான் வரும்?

புத்தகக் கணக்கு இப்படி. மண் போட்ட பின் 24 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால் இழை 7 முதல் 10 நாளில் மண்ணுக்குள் ஏறி மேல்மட்டத்துக்குப் பக்கம் வரும். அப்போது 16–18 பாகைக்கு இறக்கி, நன்றாகக் காற்று விட்டால் ஒரு வாரத்துக்குள் குண்டூசித் தலை போல மொட்டுகள் தெரியும். அங்கிருந்து இன்னொரு வாரத்தில் பறிப்பு. ஆக, மண் போட்டதிலிருந்து சுமார் 3 வாரம்.

இதில் வீட்டுக்கு வீடு மாறுவது முதல் பகுதிதான், அதாவது இழை ஏறுகிற காலம். அறையின் சூடு, மண்ணின் கனம், புளிப்பு, ஈரம் எல்லாம் அங்கேதான் விளையாடும். அதனால் மண் போட்ட தேதியிலிருந்து எண்ணுவதில் அர்த்தமில்லை. மண்ணின் சின்னச் சின்னப் பள்ளங்களில் வெள்ளை இழை எட்டிப் பார்க்கிற நாளைத்தான் கலண்டரில் குறிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பறிப்பு வரைக்குமான காலம், வெப்பமும் காற்றும் சரியாக இருந்தால், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும்.

நாங்க நுவரெலியா. குளிர் ஊருக்கு மொட்டுக் காளான் நல்லா வரும்னாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேட்டு?

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டித்தான். இந்தக் குளிர் மொட்டுக் காளானுக்கு நல்லது என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. காளான் தலை காட்டுவதற்கு 16–18 பாகை வேண்டும். இழை ஓடுவதற்கும் மண்ணில் ஏறுவதற்கும் 24 பாகை வேண்டும். உங்கள் வீட்டில் தலை காட்டுகிற பாதிக்கான குளிர் இலவசமாகக் கிடைக்கிறது, இழை ஏறுகிற பாதிக்குச் சூடு தேட வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு இது அப்படியே தலைகீழ்.

தொடக்கத்திலிருந்தே 15–16 பாகை அறையில் வைத்தால் இழை சாகாது, மெதுவாக ஏறும். மண் போட்டதிலிருந்து பறிக்க ஒரு மாதம் தாண்டினாலும் அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டுகிற இரவுகளில் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் இழை கிட்டத்தட்ட நின்றே போகும். அந்த மாதங்களில் கம்போஸ்ட் நிரப்பிய தட்டை, தடித்த ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இரவில் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டு வையுங்கள். மீன் கடையில் கிடைக்கும் பழைய பெட்டியே போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். வெப்பமானியை அறையின் சுவரில் மாட்டாமல் கம்போஸ்ட்டுக்குள் செருகிப் பாருங்கள்.

அப்படின்னா அடுப்படியிலேயே வச்சிடலாமா?

இழை ஏறுகிற வரைக்கும் அடுப்படி நல்ல இடம். அந்தக் கட்டத்தில் தட்டு மூடியே இருக்கும், காற்றோட்டம் அதிகம் வேண்டாம். காபனீரொட்சைட்டு கொஞ்சம் கூடினால் இழைக்குச் சந்தோஷம்.

பள்ளங்களில் வெள்ளை தெரிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். லயத்துக் காம்பராவில் இருப்பவர்கள் இஸ்தோப்பின் உள்மூலைக்கு மாற்றலாம், மெல்லிய வலை கட்டி. அடுப்படியிலேயே விட்டால் புகையும் தேங்கிய காற்றும் சேர்ந்து தண்டு நீண்டு தலை சிறுத்த காளான்தான் வரும், அதுவும் தாமதமாக. ஒரு எச்சரிக்கை: சூட்டுக்காகப் பூட்டிய அறைக்குள் கரி, விறகுத் தணல் வைக்கவே வைக்காதீர்கள். காளானுக்கு என்ன ஆகிறதோ, அந்த அறையில் படுக்கிற மனிதருக்கு அது உயிராபத்து.

கனமா போட்டா சீக்கிரம் வருமா, மெல்லிசா போட்டாவா?

மெல்லிசாகப் போட்டால் சீக்கிரம் வரும். இழை ஏற வேண்டிய தூரம் குறைவு, அவ்வளவுதான் காரணம். ஆனால் 2 செ.மீ. மண்ணில் தண்ணீர் நிற்காது. முதல் எடுப்பு சிறிய காளான்களாக வந்து, இரண்டாவது எடுப்பு வறண்டு போகும். சீக்கிரம் கிடைத்த சில நாளுக்கு விலை அது.

5 செ.மீ.க்கு மேல் போனால் இழை வந்து சேரத் தாமதமாகும், அடிமண் காற்றில்லாமல் நசநசக்கும். வீட்டுத் தட்டுகளுக்கு 4 செ.மீ. என் கணக்கு. கனத்தை விட முக்கியம், எல்லா இடத்திலும் ஒரே கனம். கம்போஸ்ட்டை முதலில் கையால் அழுத்திச் சமன் செய்யுங்கள். ஒரு ஈர்க்கில் 4 செ.மீ.க்கு அடையாளம் போட்டு, அங்கங்கே குத்திப் பாருங்கள். மண்ணை மட்டும் அழுத்த வேண்டாம், மேல்பரப்பு கரடுமுரடாகவே இருக்கட்டும். அந்த மேடு பள்ளத்தில்தான் மொட்டு கட்டும்.

தேயிலை மலையில மண்ணு சும்மாதானே கிடக்கு, அதை அள்ளிப் போட்டா என்ன புள்ள?

ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். நல்ல தேயிலை மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கும். மேல்மண்ணுக்கு வேண்டியது 7.2 முதல் 7.8 வரை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் சாதாரணமானதல்ல, ஏனென்றால் பி.எச். ஒரு எண் மாறினால் புளிப்பு பத்து மடங்கு மாறுகிறது. புளித்த மண்ணில் இழை தயங்கித் தயங்கி ஏறும். அந்த இடைவெளியில் புளிப்பை விரும்புகிற பச்சைப் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

இன்னொன்று, மலையில் களைநாசினி, பூச்சிமருந்து அடித்த மண் எது, அடிக்காத மண் எது என்று நமக்குத் தெரியாது. வீட்டுத் தோட்டத்தின் ஆழமான மண்ணை எடுத்துச் சுண்ணாம்பு கலந்து பயன்படுத்தலாம். தேயிலைக்குக் கீழிருந்து வேண்டாம்.

அப்ப எதைத்தான் போடுறது? பீட் வாங்க வசதியில்லை.

ஐரோப்பாவில் பெரும்பாலும் பீட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள், இங்கே அது இறக்குமதி விலை. நமக்குக் கையில் இருப்பது தென்னந்தும்புத்தூள். அழுத்திய 5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் 60 லீற்றருக்கு மேல் வரும். ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு 4 செ.மீ. கனத்தில் 40 லீற்றர் போதும். கடற்கரைப் பக்கத்துத் தூளில் உப்பு இருக்கும், அது இழையைப் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே ஊற வைத்து, பிழிந்து, தண்ணீர் தெளிவாக ஓடும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

10 லீற்றர் நனைந்த தூளுக்கு அரை லீற்றர் கல்சியம் காபனேற்றுத் தூள் சேர்த்துப் பிசையுங்கள். தும்புத்தூள் மட்டும் என்றால் சீக்கிரம் காயும். மூன்றில் ஒரு பங்கு ஆழத்து மண்ணோ, இரண்டு வருடம் மக்கி மண்ணாகவே ஆகிவிட்ட மாட்டெருவோ சேர்த்தால் கனமும் ஈரமும் கூடும். இந்தியாவில் பீட் கிடைக்காத இடங்களில் மக்கிய மாட்டெருவும் தோட்ட மண்ணும் சேர்த்துத்தான் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். புது எரு மட்டும் கூடாது.

ஹோர்ட்டன் சமவெளியின் பட்டனைப் புல்வெளியில் கறுப்பாக, பஞ்சுபோல மண் கிடக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது 1988 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு பை மண் எடுப்பதும் குற்றம். அந்த ஈர நிலம்தான் கீழே ஓடுகிற ஆறுகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறது, அதைத் தட்டில் கொட்டுவதற்கு மனசும் வரக்கூடாது.

வெத்தலைச் சுண்ணாம்பு, டொலமைட், எது நல்லது?

கல்சியம் காபனேற்றுதான் பாதுகாப்பு. கை தவறி அதிகம் போட்டாலும் பி.எச். 8ஐ ஒட்டி நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. வெத்தலைக்குப் போடுகிற நீற்றிய சுண்ணாம்பு அப்படியல்ல, பி.எச்.சை 12 வரைக்கும் ஏற்றிவிடும். இழை கருகும். சில நாளில் காற்றோடு சேர்ந்து தானே இறங்கும் என்றாலும் அந்த நாட்கள் வீண். டொலமைட் தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கும், வேலையும் செய்யும், ஆனால் மெதுவாக. டொலமைட் போடுவதென்றால் கலந்து ஈரமாக இரண்டு வாரம் மூடி வைத்த பிறகு பாருங்கள். எதைப் போட்டாலும் பி.எச். தாளில் ஒருமுறை சரிபாருங்கள், விலை குறைவுதான்.

பாரிஸ் நகரைச் சுற்றிப் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் 19ஆம் நூற்றாண்டில் மொட்டுக் காளான் வளர்த்தவர்கள், அங்கேயே உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புக்கல் தூளைத்தான் மேலே போட்டார்கள். பி.எச். என்ற கணக்கே பிறக்காத காலம் அது.

மண்ணை நல்லா வேக வச்சிட்டா நோயே வராதுல்ல?

நோய் வராமல் இருக்கலாம், காளானும் வராமல் போகலாம். மேலே சொன்ன பக்டீரியாக்கள் நினைவிருக்கிறதா? கொதிக்கக் கொதிக்க அவித்தால் அவையும் போய்விடும். அப்படி வெறுமையான மண்ணில் முதலில் வந்து குடியேறுவது பெரும்பாலும் பச்சைப் பூஞ்சணம்தான்.

பீப்பாயின் அடியில் தண்ணீர் வைத்து, மேலே கம்பித் தட்டில் ஈரமண் சாக்கை வைத்து ஆவி விடுங்கள். சாக்கின் நடுவே 65 பாகை வந்ததும் தீயைக் குறைத்து, அந்தச் சூட்டிலேயே 2 மணி நேரம். 70ஐத் தாண்ட விடாதீர்கள். புழு, ஈ முட்டை, நோய்ப் பூஞ்சணம் இவை போகும்; சூடு தாங்குகிற நல்லவை மிஞ்சும், மற்றவை காற்றிலும் தண்ணீரிலும் கம்போஸ்ட்டிலுமிருந்து வந்து சேரும். ஆறிய பிறகு அன்றைக்கோ மறுநாளோ போட்டுவிடுங்கள். திறந்து வைத்து வாரக்கணக்கில் விட்டால் ஆவி பிடித்ததற்குப் பலனில்லை.

வெள்ளை முழுசா ஓடுறதுக்கு முந்தியே மண்ணைப் போட்டுட்டா நாள் மிச்சமாகும்ல?

ஆகாது. கம்போஸ்ட்டில் இடைவெளி இருந்தால் இழை முதலில் அந்த இடங்களைத்தான் நிரப்பும், பிறகுதான் மேலே ஏறும். அது வரைக்கும் ஈர மண் சும்மா கிடக்கும், வேண்டாதது வளரும். வித்துப் போட்ட பிறகு 24–25 பாகையில் 2 முதல் 3 வாரம் இழை ஓட விடுங்கள். நுவரெலியாவில் சூடு தேடாவிட்டால் இதுவும் நீளும்.

தண்ணி தினமும் ஊத்தணுமா?

ஊற்றுவதை விடுங்கள், தெளிப்பதுதான். அதற்கும் காலம் உண்டு. மண்ணைப் போடும்போதே கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டு விழும் அளவில் நனைந்திருக்க வேண்டும். முதல் நாலைந்து நாளில் அந்த ஈரத்தைக் காக்க மட்டும் லேசாகப் பனி போலத் தெளியுங்கள். இழை மேலே வந்து மொட்டு கட்டுகிற நாட்களில் நிறுத்துங்கள். குண்டூசித் தலை அளவு மொட்டின் மேல் தண்ணீர் பட்டால் பல பழுத்துச் செத்துவிடும். மொட்டு பட்டாணி அளவானதும் திரும்பத் தொடங்குங்கள், இப்போது தாராளமாக.

அளவு தெரிய ஒரு வழி: தண்ணீர் கம்போஸ்ட் வரை வடிந்து இறங்கக்கூடாது. இறங்கினால் மண்ணுக்குக் கீழே இழை அழுகி, அந்த இடத்தில் நாற்றம் வரும். நாற்றம் வந்த பகுதியை எதுவும் காப்பாற்றாது.

ஒரே நாள்ல மண்ணு போட்டோம், ஒரே கலவை. பண்டாரவளைத் தங்கச்சிக்கு வந்திருச்சு, ஹட்டன்ல எனக்கு மொட்டு கட்டி அப்படியே நிக்குது. ஏன்?

ஜூலையில் கேட்ட கேள்வி, அதுதான் விடையும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தை நனைக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் மழையிலும் மிஸ்ட்டிலும் கிடக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது மழையை இழந்து வறண்டு போகிறது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஜூலை, ஓகஸ்டில் உதடு வெடிக்கிற காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான்.

காளான் வளர மேல்மண்ணிலிருந்தும் காளானிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இழுப்புத்தான் கீழிருந்து தண்ணீரையும் சத்தையும் மேலே கொண்டு வருகிறது. மிஸ்ட் அறைக்குள்ளேயே வந்து நிற்கும் ஹட்டனில் ஆவியாக வழியில்லை. மொட்டு கட்டும், ஆனால் பெருக்காது. தலையில் தண்ணீர் காயாமல் நின்றால் பழுப்புப் புள்ளிகள் வரும், அது பக்டீரியா நோய். அங்கே இந்த மாதங்களில் மண்ணை 3 செ.மீ.க்குக் குறைத்து, கொஞ்சம் கரடாகக் கலந்து, தெளிப்பைப் பாதியாக்கி, தட்டுக்கு எதிரில் இல்லாமல் சுவரைப் பார்த்து ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

தங்கச்சிக்கு எதிர்ப் பிரச்சினை. அவருக்கு 5 செ.மீ. வேண்டும். இழை ஏறும் வரை மண்ணின் மேல் நனைத்த பத்திரிகைத்தாள் மூடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் ஒரு செ.மீ. காய்ந்து இழை அதற்குக் கீழேயே நின்றுவிடும். ஒக்டோபர் கடந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஊவாவுக்கும் ஈரம் வந்துவிடும். அப்போது இருவரும் ஒரே அளவில் போடலாம்.

மண்ணுக்கு மேல பஞ்சு விரிச்ச மாதிரி வெள்ளையா மூடிருச்சு. நல்லதுதானே?

பார்க்க அழகாக இருக்கும், நல்லதல்ல. இழை மேலே வந்த பிறகும் சூடும் தேங்கிய காற்றும் தொடர்ந்தால், "இன்னும் கம்போஸ்ட்டுக்குள்தான் இருக்கிறோம்" என்று அது பரவிக்கொண்டே போகும். பிறகு தடித்துத் தோல் போலாகி, தண்ணீரைக் கூட உள்ளே விடாது. அடுப்படியிலிருந்து எடுக்க மறந்த தட்டுகளில் இது சகஜம்.

தொடக்கத்திலேயே பார்த்தால், சுத்தமான முள்கரண்டியால் மேல் மண்ணை ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கிளறி விட்டு, 16–18 பாகைக்கு மாற்றி, காற்று விடுங்கள். அறுந்த இழை இரண்டு மூன்று நாளில் ஒட்டிக்கொண்டு மொட்டு கட்டத் தொடங்கும். தோல் போலத் தடித்துவிட்டால் அந்த இடத்தை உரித்து எடுத்து, புது மண் ஒரு செ.மீ. போடலாம். நாள் போகும், ஆனால் தட்டு பிழைக்கும்.

ஒரு மூலையில மட்டும் காளான் வருது, மத்த இடம் மொட்டையா கிடக்கு.

முதலில் ஈர்க்கை எடுத்துக் கனத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் வந்த மூலையில் மண் மெல்லிசாக இருக்கும். கனம் ஒன்றாக இருந்தால், கதவுப் பக்கமா, சுவர்ப் பக்கமா என்று பாருங்கள். காற்று படுகிற பக்கம் முந்தும். வெளிச்சம் காரணமில்லை, மொட்டுக் காளானுக்கு வெளிச்சம் தேவையே இல்லை. சிப்பிக் காளானுக்குத்தான் அது வேண்டும்.

நாளைக் குறைக்க ஏதாவது குறுக்கு வழி இருக்கா?

ஒன்று இருக்கிறது, பெரிய பண்ணைகளில் செய்வது. இழை முழுதாக ஓடிய நல்ல கம்போஸ்ட்டில் ஒரு கைப்பிடியை உதிர்த்து, போடப் போகிற மேல்மண்ணில் சீராகக் கலந்துவிடுவார்கள். இழை கீழிருந்து மட்டும் ஏறாமல் மண்ணுக்குள் நூறு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பரவும். ஏறும் காலம் சில நாள் குறையும், சில சமயம் ஒரு வாரம் வரைக்கும். தட்டு முழுவதும் ஒன்றாக வரும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் அந்தக் கைப்பிடியில் நோய் இருந்தால் அதையும் தட்டு முழுவதும் தூவியதாகும். பச்சை, மஞ்சள், புளித்த வாசனை எதுவும் இல்லாத பையிலிருந்து மட்டும், கையைக் கழுவி எடுங்கள். ஒரே நேரத்தில் அதிகமாக மொட்டு கட்டுவதால் காளான் சிறியதாக வரக்கூடும், அது சந்தையைப் பொறுத்து லாபமா நட்டமா என்று பார்க்க வேண்டியது. முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. ஒருமுறை சாதாரணமாக எடுத்துப் பாருங்கள், அப்புறம் இது.

மண்ணுல நாங்க போடாத காளான் மொளைச்சிருக்கு. சாப்பிடலாமா?

வேண்டாம். நீங்கள் போட்ட வித்து எதுவோ அது மட்டும்தான் சாப்பாட்டுக்கு. ஒல்லியான தண்டு, சாம்பல் தலை, ஒரே நாளில் கறுத்து மையாக ஒழுகினால் அது மைக்குடைக் காளான். கம்போஸ்ட்டில் அமோனியா முழுதாகப் போகாததன் அடையாளம் அது. பிடுங்கிப் போடுங்கள். அமோனியா தீர்ந்த பிறகு அது தானாக நின்றுவிடும், உங்கள் காளான் தாமதமாக வரும். பச்சைத் திட்டு கண்டால் சுற்றி இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி எடுத்து, குழியில் உப்பைப் போட்டு மூடுங்கள். சிலந்திவலை போலச் சாம்பல் நூல் படர்ந்தால் அதன் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், வித்தி பறந்து பரவும். நனைத்த கடதாசியால் மூடி, அதன் மேல் உப்பு.

முதல் எடுப்பு எடுத்தாச்சு. அடுத்தது எப்ப?

7 முதல் 10 நாளில். காளானைத் திருகி எடுத்த இடத்தில் தண்டின் அடியை விட்டு வைக்காதீர்கள், அழுகும். குழியை அதே கலவை மண்ணால் நிரப்புங்கள், அதற்காகவே கொஞ்சம் எடுத்து வைத்திருங்கள். போன தண்ணீரை இரண்டு நாளில் பிரித்துத் தெளித்துத் திருப்பிக் கொடுங்கள். விளைச்சலின் பெரும்பகுதி முதல் இரண்டு எடுப்பில் வந்துவிடும். மூன்றாவது வந்தால் வீட்டுக் கறிக்கு, அதற்கு மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பது ஈக்களை வளர்ப்பதுதான்.

பதுளையில இருக்கோம், உங்க குளிரெல்லாம் இங்க இல்ல. நாங்க என்ன செய்ய?

பதுளை 700 மீட்டருக்கும் கீழே. அங்கே மொட்டுக் காளானோடு மல்லுக்கட்டுவதை விடப் பால் காளானைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பரவலாக வளர்ப்பது, 28–35 பாகைச் சூட்டை விரும்புவது. வைக்கோலில் இழை ஓடிய பின் அதற்கும் மேல்மண் வேண்டும், 2–3 செ.மீ. போதும், அதே சுண்ணாம்புக் கணக்கு. மண் போட்டு 8 முதல் 12 நாளில் மொட்டு, அதிலிருந்து ஒரு வாரத்துக்குள் பறிப்பு. இதற்குக் குளிரூட்டல் வேண்டாம். ஆனால் வெளிச்சம் கொஞ்சம் வேண்டும், அதிலும் மொட்டுக் காளானோடு மாறுபடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பதுளையிலும் குளிரும், அப்போது தாமதமாகும்.

முடிஞ்ச மேல்மண்ணை அடுத்த தட்டுக்குத் திரும்பப் போடலாமா?

அப்படியே போடக்கூடாது. அதில் ஈ முட்டையும் போன தட்டின் நோயும் இருக்கும். கம்போஸ்ட்டோடு சேர்த்துத் தோட்டத்துக்குப் போடுங்கள், ஆனால் இடம் பார்த்து. அதில் சுண்ணாம்பு இருப்பதால் தேயிலைச் செடிக்கு ஆகாது. உருளைக்கிழங்குப் பாத்திக்கும் வேண்டாம், புளிப்புக் குறைந்த மண்ணில் கிழங்கின் தோலில் சொறி அதிகமாகும். கோவாவுக்கும் லீக்ஸுக்கும் தாராளமாகப் போடலாம். புளித்த மண்ணில் கோவாவின் வேர் வீங்கும் நோய் (கிளப் ரூட்) கூடும், அதற்கு இந்தச் சுண்ணாம்பு உதவி.